கிருஷ்ணன்–பஞ்சு படங்களில் என் முதலிடம் ‘அன்னை’க்கு

கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் இயக்கிய படங்களில் பிடித்தவை எவை, தகுதிக்கு மீறிப் புகழப்படுபவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். ‘பராசக்தி’யைப் பார்த்துவிட்டு, இதில் இயக்குநர்களின் கைவண்ணம் எங்கே என்று தேடிக் களைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் வரிசையில் 1962-இல் வந்த ‘அன்னை’தான் முதல். அடுத்து ‘சர்வர் சுந்தரம்’, மூன்றாவது ‘ரத்தக்கண்ணீர்’. அளவுக்கு மீறிப் புகழப்படுவது ‘பராசக்தி’.

சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் கொள்கையோடு எனக்குப் பகை கிடையாது. கலைஞரின் வசனமும், முதல் படத்திலேயே சிவாஜி அதைப் பேசிய விதமும் எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசி கிடைத்துவிடும். வசனத்தை இசைத்தட்டில் போட்டே ஜனங்கள் கேட்டார்கள். மாறாக, ‘சர்வர் சுந்தர’த்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டைப் பாருங்கள். மெல்லிசை மன்னர் கையசைக்க டி.எம்.எஸ். ஒலிவாங்கி முன் நின்று பாடும் பாட்டுப்பதிவையே காட்சியாக்கிவிட்டார்கள். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பஞ்சு ‘பஞ்சாபி’ என்ற பெயரில் படத்தொகுப்பும் செய்தவர். எதை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த கை அது.

இனி ‘அன்னை’. எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். பஞ்சு பிறந்த உமையாள்புரமும் அந்தப் பக்கம்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1979-இல், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, டூரிங் டாக்கீஸில் இந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். நான் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில், பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்தேன். உடன்பிறந்தவள் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாகவே பானுமதி வளர்க்கும் கதை. பெற்றவளாக சௌகார் ஜானகி. ‘பூவாகிக் காயாகி’ பாட்டு வந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வளையல் அழுந்தி வலித்தது. இந்தப் பக்கம் சித்தி மணலை அள்ளி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே இருந்தார். ரீல் மாற்ற விளக்கு போட்டபோதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படம் விட்டு வரப்பு வழியாக வரும்போது சித்தி, “பிள்ளை தூங்கி வழிகிறான், நீ தூக்கிக்கொள் அக்கா” என்றார்.

என்னைப் பெற்றவர் சித்திதான் என்று எனக்குப் பதினாறு வயதில் தெரிந்தது. அப்போது முதலில் நினைவுக்கு வந்தது அந்த மணல்தான். அம்மா என்று நான் கூப்பிட்டவர் என் பெரியம்மா.

‘அன்னை’ வங்காளப் படத்தின் தழுவல்தானே என்பார்கள். ‘உயர்ந்த மனிதன்’கூட வங்காளத்திலிருந்து வந்ததுதான், அதை மட்டும் சிவாஜியின் 125-ஆவது படம் என்று கொண்டாடவில்லையா? அந்தப் படம் எனக்கும் பிடிக்கும், அசோகனின் டாக்டருக்காக. ஆனால் ‘அன்னை’யில் இரண்டு தாய்களில் ஒருத்தியைக் கெட்டவளாக்கிக் கதையைச் சுலபமாக முடித்திருக்கலாம். அதை அவர்கள் செய்யவில்லை. இதே கதையை 1966-இல் ‘லாட்லா’ என்று இந்தியிலும் அவர்களே எடுத்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலகத்தில் ஐந்து மாதம் அலைந்தேன். “தத்துப் பத்திரம் எங்கே?” என்றார்கள். அக்காள் மடியில் தங்கை பிள்ளையைப் போட்டபோது யார் பத்திரம் எழுதினார்கள்? கொள்ளி வைத்த என்னை, “நீங்கள் அவருக்கு என்ன உறவு?” என்று மேசைக்கு மேசை கேட்டார்கள். சித்தியே வந்து, “இவன் அவள் பிள்ளை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகும் மனுவைத் திருப்பினார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தொலைக்காட்சியில் பழைய படம் போடும்போது டைட்டிலை வெட்டிவிட்டு நேராகக் கதைக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் இந்த இருவரின் பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறை இவர்கள் படங்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. டைட்டிலோடு கூடிய, பாட்டு வெட்டாத ‘அன்னை’ பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சித்திக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்.