செல்வாக்கு உள்ளவர்கள் கொலை வழக்கில் தப்பும்போது மக்கள் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"நாலு நாள் கத்துவோம், அப்புறம் மறந்துவிடுவோம், அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இந்தக் கோபத்தால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

லாபம் உண்டு. ஆனால் நாம் தப்பான நாளில் கோபப்படுகிறோம். கைதான அன்று ஊரே கொதிக்கிறது, விடுதலையான அன்று மறுபடி கொதிக்கிறது. நடுவில் இருக்கிற ஐந்தாறு வருடம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வழக்கு சாவது அந்த ஐந்தாறு வருடத்தில்தான். இது எனக்கு அப்பா மூலம் தெரிய வந்தது.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு ராத்திரி, பக்கத்து டீக்கடையில் வேலை பார்த்தவரை நாலு பேர் இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். அடித்தவர்களில் ஒருவன் ஊரில் பெரிய கட்சிக்காரர் ஒருவரின் மச்சான். கடையடைப்பு, மறியல் எல்லாம் நடந்து, அதற்குப் பிறகுதான் கைது செய்தார்கள். நேரில் பார்த்த சாட்சிகள் மூன்று பேர். அப்பா மூன்றாவது.

விசாரணைக்கு வரவே மூன்று வருடம் ஆனது. அப்புறம் வாய்தா மேல் வாய்தா. சம்மன் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி ஜில்லா கோர்ட்டுக்குப் போவார். மதியம் வரை நிற்க வைத்துவிட்டு, "இன்னைக்கு இல்ல, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அன்றைய வருமானம் போனதுதான். சாட்சிகளுக்கென்று தனி இடம் கிடையாது. அடித்தவர்களும் அதே வராந்தாவில்தான் நிற்பார்கள். ஒரு தடவை அவர்களில் ஒருவன் டீ வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டி, "அண்ணாச்சி, பாப்பா டவுன் ஸ்கூலுக்கு எந்த பஸ்ல போகுது?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். பாப்பா என்றது என் தங்கச்சியை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை.

சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின ராத்திரி, மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டு நகக்கண்ணில் இருந்த கிரீஸை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் இரண்டு சாட்சிகளும், "நான் எதையும் பார்க்கவில்லை, போலீஸ்தான் எழுதிக்கொண்டது" என்று சொல்லிவிட்டார்கள். பிறழ் சாட்சி என்று பேப்பரில் போடுவது இதைத்தான். அப்பா பார்த்ததைச் சொன்னார். குறுக்கு விசாரணையில், தெருவிளக்கு எரிந்ததா, உங்கள் கண்ணாடி எந்த வருடம் போட்டது, கடை மூடின நேரம் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று துளைத்தார்கள். கடைசியில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அளித்து எல்லோரும் விடுதலை. மறியலன்று ரோடு கொள்ளாத கூட்டம். அப்பா கூண்டில் ஏறிய அன்று எங்கள் பக்கம் இருந்தது அப்பா, நான், இறந்தவரின் மனைவி.

பிறழ்ந்த அந்த இரண்டு சாட்சிகள் மேல்கூட எனக்கு இப்போது கோபம் இல்லை. சட்டப்படி போலீசிடம் சொல்வது சாட்சியம் ஆகாது, அதில் சாட்சியிடம் கையெழுத்துகூட வாங்கக் கூடாது. கூண்டில் ஏறிச் சொல்வதுதான் கணக்கு. அதனால் செல்வாக்கு உள்ளவனுக்கு வேலை சுலபம். நீதிபதியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் நாலைந்து சாதாரண மனிதர்களைப் பயமுறுத்தினால் போதும், காலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தர்மபுரி பஸ் எரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும் கலவரம். கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். தமிழ்நாடே அழுதது. ஆனால் அடுத்த வருடம் ஆட்சி மாறி, குற்றம் சாட்டப்பட்டவர்களின் கட்சியே அரசாங்கமானது. கிருஷ்ணகிரியில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் வரிசையாகப் பிறழ ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் நம்மில் யார் கிருஷ்ணகிரியைத் திரும்பிப் பார்த்தோம்? இறந்துபோன ஒரு மாணவியின் அப்பாதான் உயர் நீதிமன்றப் படியேறினார். 2003இல் வழக்கு சேலத்துக்கு மாறியது, தனி அரசு வழக்கறிஞர் வந்தார், விசாரணை புதிதாகத் தொடங்கியது. 2007இல் மூன்று பேருக்கு மரண தண்டனை, இன்னும் இருபத்தைந்து பேருக்குச் சிறை. அந்த மனிதர் மட்டும் வீட்டோடு இருந்திருந்தால் அந்த வழக்கும் எங்கள் டீக்கடை வழக்கு மாதிரிதான் முடிந்திருக்கும். மரண தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்ததும், எம்ஜிஆர் நூற்றாண்டு என்று சொல்லி 2018இல் மாநில அரசு மூவரையும் விடுதலை செய்ததும் வேறு கதை. மரண தண்டனை வேண்டும் என்பவன் அல்ல நான். ஆனால் அந்த விடுதலை வந்த விதம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கோபம் நேரடியாகப் பலன் தந்தது என்றால் ஜெசிகா லால் வழக்கைச் சொல்வேன். 1999 ஏப்ரலில் டெல்லி மெஹ்ரோலியில் ஒரு உணவு விடுதி விருந்தில், நேரமாகிவிட்டது, மது தர முடியாது என்று சொன்னதற்காக அந்தப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் மனு சர்மா, ஹரியானா காங்கிரஸ் பிரமுகர் வினோத் சர்மாவின் மகன். யாருடைய வாக்குமூலத்தை வைத்து எஃப்.ஐ.ஆர். போட்டார்களோ அவரே கோர்ட்டில், போலீஸ் இந்தியில் எழுதிக்கொண்டது, எனக்கு இந்தி தெரியாது என்றார். 2006 பிப்ரவரியில் ஒன்பது பேரும் விடுதலை. இந்தியா கேட்டில் மக்கள் மெழுகுவத்தியோடு கூடினார்கள். மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் வேகமாக எடுத்து, அதே வருடம் டிசம்பரில் ஆயுள் தண்டனை கொடுத்தது. பிறழாமல் நின்ற சில சாட்சிகள் இருந்ததால்தான் அது முடிந்தது. அவர்களும் போயிருந்தால் எத்தனை மெழுகுவத்தி ஏற்றியும் பயனில்லை.

மதுரையில் 2007 மே 9இல் கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டதற்காக தினகரன் நாளிதழ் அலுவலகத்துக்குத் தீ வைத்து மூன்று ஊழியர்கள் இறந்தார்களே, அந்த வழக்கில் 2009 டிசம்பரில் பதினேழு பேரும் விடுதலையானார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோது 2019. பன்னிரண்டு வருடம்.

கோபம் தடம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் கொலையில் பிடித்த நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், அது போலி மோதல் என்று அறிக்கை கொடுத்தது. இறந்தவர்கள் லாரியில் வேலை பார்த்தவர்கள், கேட்க நாதியற்றவர்கள். பெரிய இடத்துப் பையன்கள் தப்பினார்களே என்று நமக்குள் சேர்ந்த ஆத்திரம் அவர்கள் மேல் இறங்கியது. பெரிய இடத்துப் பையனை யாரும் அப்படிச் சுடுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? அப்பா காலத்தில் இல்லாத சில வழிகள் இப்போது இருக்கின்றன. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் சட்டம் போலவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மிரட்டல் இருந்தால் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சி மனு கொடுக்கலாம். வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதைப் பின்னால் மாற்றிச் சொல்வது கடினம். கீழ் கோர்ட் விடுதலை செய்தால் பாதிக்கப்பட்டவர்களே மேல்முறையீடு செய்யும் உரிமையும் 2009 டிசம்பர் 31 முதல் இருக்கிறது. கொலை வழக்கு இல்லாவிட்டாலும் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கைப் பாருங்கள். அதில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே முதலில் வெளியே விட்டார்கள். அப்படித் தொடங்கிய வழக்கிலும் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். அந்தப் பெண்கள் கூண்டில் நின்ற துணிவை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கு நடந்தால், கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இகோர்ட்ஸ் (eCourts) இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த வாய்தா தேதியைப் பாருங்கள். மூடிய அறை விசாரணையாக இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குள் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். நான் முடிந்தபோதெல்லாம் போகிறேன். போன மாதம் சாட்சி சொல்ல வந்திருந்த ஒரு அக்கா வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். "நீங்க யார் கேசுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "உங்க கேசுக்குத்தான்கா, சும்மா கூட இருக்கலாம்னு வந்தேன்" என்றேன். மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.