பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் ஊளையும் 'டங்' சத்தமும்: டிஃபரன்ஷியலைப் பிரிப்பதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: பழைய டிரக், பின்னால் லீஃப் ஸ்பிரிங், முன்னால் கையால் திருகிப் பூட்டும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி). வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் அடியில் ஊளை. கிளம்பும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் 'டங்'. பின் டிஃபரன்ஷியலை (ஆக்ஸில் நடுவே இருந்து விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) பிரிக்கணும் என்று மெக்கானிக் சொல்கிறார். அது சரியா, அதுவரை ஓட்டலாமா?

இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். அவர் சொல்வது தப்பாகவே இருக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் ஊளை என்றதும் டிஃபரன்ஷியல் என்று முடிவுகட்டுவது ரொம்பப் பழைய வழக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரவுன் வீலையும் பினியனையும் (அதற்குள் இருக்கும் பெரிய, சின்னப் பல்சக்கரங்கள்) கழற்றி மாட்டினால், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்கு கொஞ்சம் தவறினாலும் இல்லாத ஊளை புதிதாக வந்து சேரும். அந்தப் பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர்தான். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வண்டியில் இப்படித்தான் பின் டிஃபரன்ஷியல் பேரிங் எல்லாம் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் முன் டயர் இரண்டும் பட்டன் பட்டனாக மேடு பள்ளமாய்த் தேய்ந்திருந்தன.

இன்னொன்று, ஊளையும் 'டங்'கும் ஒரே கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்த வயது வண்டியில் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்து குடியிருப்பது சகஜம். தனித்தனியாகப் பாருங்கள்.

காதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது, அதில்தான் ஏமாறுகிறோம். சேஸிஸ் முழுக்க இரும்பு, முன் ஹப்பில் கிளம்பும் உறுமல் அதன் வழியே ஓடி வந்து உங்கள் சீட்டுக்குக் கீழே கேட்கும். அதனால் எங்கே கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். எஞ்சின் சுற்றோடு மாறுகிறதா, வண்டி வேகத்தோடா, மிதிக்கும் அழுத்தத்தோடா, ஸ்டியரிங் திருப்புவதோடா?

ஊளையிலிருந்து ஆரம்பிக்கலாம். காலியான நேர்ச் சாலையில் சத்தம் நன்றாகக் கேட்கிற வேகத்துக்குப் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை உருள விடுங்கள். (சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும்.) சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் கணக்கிலிருந்து போய்விட்டன. அடுத்து அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஐந்து கியர் டிரக்குகளில் நாலாவது கியர் நேரடி கியர், ஒன்றுக்கு ஒன்று. அதில் விசை கீழே இருக்கும் லே ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் துணைத் தண்டு) பற்கள் வழியாகப் போகாது. மூன்றிலும் ஐந்திலும் ஊளையிட்டு நாலில் மட்டும் அடங்கினால் கியர்பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். எல்லா கியரிலும் ஒரே மாதிரி இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (அங்கிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு), டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர் இவற்றில் ஒன்று.

டயரை முதலில் கழித்துவிடுங்கள், செலவில்லாத வேலை. சொரசொரப்பான ரோட்டிலிருந்து வழுவழுப்பான தாருக்கு வரும்போது சத்தத்தின் குணமே மாறினால் அது டயர். சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வீல் பேரிங் என்றால் ரோடு மாறினாலும் மாறாது, ஆனால் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைத்தால் மாறும். இடது பக்கம் திருப்பும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது, அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள் (முதலில் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், சுட்டுவிடப் போகிறது). ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்த ஹப்பைத்தான் பிரிக்க வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டாலும் ஹப் சூடாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வண்டியில் கையால் பூட்டும் ஹப் இருப்பது பெரிய வசதி, எல்லாருக்கும் இது வாய்க்காது. ஹப்பின் பூட்டைத் திறந்து டூ ஹையில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஓட்டினால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் ஏறக்குறைய சும்மா நிற்கும். அதே டூ ஹையில் ஹப்பை மட்டும் பூட்டி ஓட்டினால், விசை போகாவிட்டாலும் அத்தனையும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஒரே ரோடு, ஒரே வேகம், இரண்டு முறையும் ஓட்டுங்கள். பூட்டினால் வந்து திறந்தால் போகிற சத்தம் முன்பக்கம்தான், பின் டிஃபரன்ஷியலைத் தொடவே வேண்டாம். டொயோட்டா லேண்ட் குரூசர் 80 மாதிரி எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் சென்டர் டிஃபரன்ஷியலை (முன், பின் ஷாஃப்டுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது) லாக் செய்து ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு பின்பக்கம்தான் என்று தெரிந்தால் ஆக்சிலரேட்டரைக் கவனியுங்கள். மிதித்து ஏற்றும்போது, காலை எடுக்கும்போது, இழுக்கவும் இல்லாமல் தள்ளவும் இல்லாமல் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும்போது, இந்த மூன்றிலும் சத்தம் எப்படி இருக்கிறது? கிரவுன் பினியன் பல் தேய்ந்த ஊளை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கூர்மையாக வந்து, மிதிப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து தெளிவாக மாறும். பேரிங் போனது அப்படிக் கூர்மையாக இருக்காது, ஒரு கரகரப்பு, வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். நேரே போகும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்கள் (திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னக் கியர்கள்). லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலாக (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கும் வகை) இருந்து மெதுவான வளைவில் கடகடவென்று உதறினால், பல நேரம் அதற்கான சேர்மானம் இல்லாத ஆயிலை ஊற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆயிலை வடித்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். காந்த போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி மெல்லியதாக ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், எல்லா வண்டியிலும் இருக்கும். விரலில் குத்துகிற சில்லு, பளபளக்கும் செதில் வந்தால்தான் மெக்கானிக் பக்கம் நியாயம் சாய்கிறது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், ப்ரீதர் (ஆக்ஸிலின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில், ஆனால் அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். பல பழைய கியர்பாக்ஸ்கள் ஜிஎல்-4 கேட்கும், உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) ஜிஎல்-5 ஆகாமல் போகலாம்.

சரி, 'டங்'. இதற்கு ரோடு வேண்டாம், தரை போதும். சமதளத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் நம்பிக் கீழே போகாதீர்கள். பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். எந்த வண்டியானாலும் பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டும் பின் சக்கரம் நிற்காது. எஞ்சின் அணைத்து, நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகுங்கள். கண் யுஜே கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டின் சிலுவைத் துண்டு) மேல் இருக்கட்டும். கிராஸின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைய வேண்டும், ஒன்று அசைந்து மற்றது தாமதமாக வந்தால் கிராஸ் போய்விட்டது. கப் ஓரத்தில் துருச் சிவப்பில் பொடி படிந்திருந்தாலும் அதே கதைதான், உள்ளே கிரீஸ் எப்போதோ காய்ந்துவிட்டது. ஷாஃப்ட் மொத்தமாகக் கொஞ்சம் திரும்புவது கோளாறு அல்ல, டிஃபரன்ஷியலுக்குள் பல்லுக்குப் பல் விட்ட இடைவெளி எல்லாம் சேர்ந்து அங்கே தெரிகிறது.

நின்று கிளம்பும்போது மட்டும், ஒரே ஒரு அடி போல வருகிறது என்றால் ஸ்லிப் யோக் ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் நீளவும் குறையவும் சறுக்கும் பல்வரி இணைப்பு) கிரீஸ் அடித்துப் பாருங்கள், அதிலேயே நின்றுவிடும் வண்டிகள் நிறைய. பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் யு போல்ட், ஸ்பிரிங் புஷ், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் இவற்றையும் பார்த்துவிடுங்கள். யாரையாவது உட்கார வைத்து, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி கியரில் போட்டுக் கிளட்சை லேசாக விடச் சொன்னால், எது குதிக்கிறது என்று பக்கவாட்டில் இருந்தே தெரியும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள்.

மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்றும் வந்தால் எண்ணுங்கள். பின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். நடக்கிற வேகத்தில் ஒரு சுவரோரமாக ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் எண்ணிக்கை பிடிபடும். சுற்றுக்கு ஒன்று என்றால் சக்கரம் அல்லது பிரேக், நாலு அல்லது அதற்கு மேல் என்றால் ஷாஃப்ட். ஷாஃப்டைக் கழற்றினால் ஸ்ப்ளைனிலும் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போட்டு மாட்டும் தட்டு) பெயின்டால் கோடு போட்டு, அதே கோட்டில் மாட்டுங்கள். யோக்குகள் ஒரு பல் மாறினாலும் புதிதாக அதிர்வு தொடங்கும்.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தபோது இறுக்கிப் பிடித்து 'டங்' என்று விட்டது என்றால் அது கோளாறே அல்ல. இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடியாக வேண்டும், வழியில்லாமல் முறுக்கேறும். மண், சேறு, மணலில் மட்டும் போடுங்கள். நேராகப் போகும்போதே ஃபோர் வீலில் பாரம் ஏறும்போது 'டமார்' என்று தாவினால் மட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் நீண்டிருக்கலாம், செயின் உள்ள வண்டியாக இருந்தால்.

அதுவரை ஓட்டலாமா? மாதக்கணக்கில் மாறாமல் இருக்கிற ஊளையோடு, ஆயில் அளவு சரியாக இருந்தால், பக்கத்து இடங்களுக்கு மெதுவாக ஓட்டலாம். ஹப் சூடானாலோ சக்கரத்தில் ஆட்டம் இருந்தாலோ கூடாது. யுஜே கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அன்றோடு நிறுத்துங்கள். ஓட்டத்தில் ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் விழுந்தால் அது தரையில் குத்தி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். மாற்றுவது அரை நாள் வேலைதான், சென்டர் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் அந்த ரப்பரையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.