ஸ்மார்ட் போர்டு ஓடுகிறது, பாடம் ஏறவில்லையே?

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்து ஓராண்டாகிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. நெட்டும் பாதியில் நின்றுபோகிறது. பேசாமல் கரும்பலகைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: கரும்பலகையை நீங்கள் விடவே வேண்டாம் டீச்சர், இரண்டும் வேண்டும். ‘சத்தமில்லாமல்’ பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் வரை எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தானாக எடுத்துச் சொல்லும்போதுதான் ஏறியது எது, ஏறாதது எது என்று பிள்ளைக்கே தெரியும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பகுதிகளைக் கொடுத்து, ஒன்றை மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றதைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்த பகுதியே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: பார்க்காமல் எழுதிய பகுதியில் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்த பகுதியில் 42. வீடியோ முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது மிஸ்” என்று வருகிற பதிலை நம்பி ஏமாறுவது இதனால்தான்.

மின்சாரப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, தொடராக இணைத்த படம். இதைக் கரும்பலகையிலேயே வரையுங்கள், போர்டை இன்னும் போட வேண்டாம். “எந்த பல்பு பளிச்சென்று எரியும்? முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் ஒரே மாதிரியா?” என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பிறகு கை தூக்கச் சொல்லி, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

முதல் பல்புக்குத்தான் கை நிறைய எழும்பும். ஏன் என்று கேட்டால், கழனிக்குத் தண்ணி பாய்ச்சிய பிள்ளை ஒருத்தி சொல்வாள்: “முதல் கழனி குடிச்சது போக மிச்சம்தானே மிஸ் அடுத்த கழனிக்கு?” எவ்வளவு அழகான யோசனை! தவறுதான், ஆனால் ஏரிப் பாசன ஊரில் பிறந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? உடனே திருத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாடவிடுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 முதல் இப்படித்தான் வகுப்பெடுத்தார்.

இப்போது போர்டைப் போடுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தளத்தை 2002-இல் தொடங்கியவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன். அதில் எலக்ட்ரான்கள் புள்ளிகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் ஒரே வேகம். எதுவும் குடித்துத் தீரவில்லை, அதனால் இரண்டு பல்பும் ஒரே மாதிரிதான் எரியும். இதைக் காட்டத்தான் திரை வேண்டும், சாக்பீஸால் முடியாது. ஒரு பல்பைக் கழற்றினால் புள்ளிகள் சுற்று முழுக்க ஒரே சமயத்தில் நின்றுவிடும். கழற்றுவதை நீங்கள் செய்யாமல் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு திரையை அணைத்துவிட்டு நிஜ டார்ச் பல்பிலும் பார்த்துவிடுங்கள். ஒரே வகை பல்பாக வாங்க வேண்டும், வேறு வேறு வகை என்றால் வெளிச்சம் மாறிக் குழப்பிவிடும். கடைசியாக, தண்ணிக்கும் மின்சாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று வரி, பார்க்காமல் எழுதட்டும். நாற்பது நிமிட வகுப்பில் திரை ஓடுவது ஏழெட்டு நிமிடம்தான்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படி மெனக்கெட வேண்டியதில்லை. விதை முளைப்பதை டம்ளரில் பஞ்சு வைத்தே காட்டலாம். கண்ணுக்குத் தெரியாதது, மிகச் சிறியது, ரொம்ப தூரத்தில் இருப்பது, ஆபத்தானது, இவற்றுக்குத் திரையை எடுங்கள்.

நெட் பிரச்சினைக்கு, வகுப்பில் நெட்டை நம்பாமல் இருப்பதுதான் வழி. நான் சொன்ன செயலியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும். பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடு வழியாகக் கிடைக்கும் வீடியோக்களையும் திக்‌ஷா செயலியில் முன்கூட்டியே இறக்கிவைக்கலாம். போட்ட பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள். வீடியோவின் எழுத்துத் தமிழை நம் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளுக்கு இது மிக அவசியம்.

பள்ளி விட்ட பிறகு ஒருநாள் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து போர்டைப் பாருங்கள். ஜன்னல் வெயில் பட்டு எழுத்தே தெரியாத இடங்கள் இருக்கும். ஒரு பழைய புடவைத் திரை போதும்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி வீட்டுப்பாடம் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

அடுத்த வாரம் அதே பல்பு கேள்வியை, போர்டைத் தொடாமல், மறுபடி கேட்டுக் கைகளை எண்ணுங்கள். முன்பு ஓரத்தில் குறித்த எண்ணை அழிக்காமல் வைத்திருங்கள்.