அந்த 75 தவறான விடைகள்

அம்மா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் ஆறு நீட் மாதிரித் தேர்வுத் தாள்களை அடுக்கி எடுத்து வந்தீர்கள். 720-க்கு 298, 310, 305, 317, 309, 313. உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சார், இன்னொரு கோச்சிங்ல சேத்து விட்டுடட்டுங்களா?" வெளியே மூன்று குடும்பங்கள் காத்திருந்ததால் "பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். உங்கள் மகள் பாப்பாவை மட்டும் புதன்கிழமை பள்ளி முடிந்ததும் வரச் சொல்லி, கடைசித் தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். வீட்டுக்காரரும் படிக்க வேண்டும் என்பதால் பதிலை எழுதியே தருகிறேன்.

இன்னொரு கோச்சிங் வேண்டாம். இப்போதைக்கு இந்த ஆறு தாள்களே அவளுக்குப் போதும்.

கடைசித் தாளில் அவள் 313 எடுத்தது எப்படி என்று பாருங்கள். 180 கேள்விகளில் 172-க்கு விடை குறித்திருக்கிறாள். சரியானவை 97, தவறானவை 75. சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். 388-லிருந்து 75 போனால் 313. உயிரியலில் 232, வேதியியலில் 58, இயற்பியலில் 23. கோச்சிங் மையம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது அந்த 313-ஐயும் ரேங்க்கையும் மட்டும்தான். அதை வைத்து நீங்கள் கவலைப்படலாம், வேறொன்றும் செய்ய முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த 75.

ஒவ்வொரு தவறான விடையையும் காட்டி, "இதை ஏன் குறித்தாய்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். முதலில் வெட்கப்பட்டாள். பத்தாவது கேள்விக்கு மேல் அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கேள்வி: குவியத்தூரம் 20 சென்டிமீட்டர் உள்ள குவிலென்சின் திறன் என்ன? திறன் என்பது ஒன்றின் கீழ் குவியத்தூரம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை இருபதால் வகுத்து 0.05 என்று குறித்துவிட்டாள். சென்டிமீட்டரை மீட்டராக்கவில்லை. 0.2-ஆல் வகுத்திருந்தால் 5 டயாப்டர். விசேஷம் என்னவென்றால், 0.05 என்ற விடையும் அங்கே காத்துக்கொண்டிருந்தது. கேள்வி எடுக்கிறவருக்குத் தெரியும், பிள்ளைகள் எந்தப் பள்ளத்தில் விழுவார்கள் என்று.

உயிரியலில் இதே கதை வேறு மாதிரி. தவறிய 24-இல் ஒன்பது, "தவறான கூற்றைத் தேர்ந்தெடு" வகைக் கேள்விகள். முதல் கூற்று சரியாக இருந்தது, அதைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். கேள்வியில் இருந்த "தவறான" என்ற சொல்லை அவள் படிக்கவே இல்லை.

இப்படித் தெரிந்தும் போனவை, அலகு மாற்றாதது, கூட்டலில் சறுக்கியது, கேள்வியை அரைகுறையாகப் படித்தது எல்லாம் சேர்த்து மூன்று பாடத்திலும் 24 வந்தன. ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண்: வரவேண்டிய நான்கு, கழிந்த ஒன்று. ஆக 120. அத்தனையும் திரும்பி வந்துவிடாது. பாதி வந்தாலே 373. இதற்கு எந்த மையத்திலும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

இனி இது பாப்பாவுக்கு.

நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு வரி எழுது. என்ன கேட்டார்கள், நான் ஏன் தவறினேன். சரியான விடையை அழகாகப் பிரதி எடுக்காதே, அதில் நேரம்தான் போகும். "அலகு மாற்றவில்லை" என்று பதினொரு முறை உன் கையாலேயே எழுதினால், பன்னிரண்டாவது முறை பேனா தானாக நிற்கும். பழைய ஐந்து தாள்களையும் இதே மாதிரி முடித்துவிட்டு அப்புறம் புதுத் தேர்வு எழுது. வாரம் ஒரு தேர்வு போதும். எழுத மூன்று மணி நேரம் என்றால், தவறுகளைப் பார்க்க நான்கு மணி நேரமாவது வை.

ஊகித்துக் குறிப்பது பற்றி ஒரு விஷயம். "தெரியாததைத் தொடாதே" என்று உங்கள் மையத்தில் சொல்லிச் சொல்லி உனக்குப் பயம் வந்திருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே 27 இயற்பியல் கேள்விகளுக்கு ஊகத்தில் குறித்திருக்கிறாய். அதில் ஏழு சரி, இருபது தவறு. 28 கழித்தல் 20, மிச்சம் எட்டு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்: நான்கில் ஒன்று சரியானால் நான்கு மதிப்பெண் வரவு, மூன்று தவறுக்கு மூன்று செலவு, மீதி ஒன்று. அதனால் ஊகம் உன்னைக் கவிழ்க்கவில்லை. அந்த 27 கேள்விகளோடு மல்லுக்கட்ட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் ஆனது என்று நீயே சொன்னாயே, கவிழ்த்தது அதுதான். அந்த ஐம்பது நிமிடம் போனதால்தான் வேதியியலை ஓட்டமாக ஓடி முடித்திருக்கிறாய். நிச்சயமாக இது இல்லை என்று இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தைரியமாகக் குறி. எதையும் தள்ள முடியவில்லை என்றால் அரை நிமிடத்தில் தாண்டிப் போ.

180 நிமிடம், 180 கேள்வி. 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு எழுதச் சொல்லும் சலுகை சில ஆண்டுகள் இருந்தது; கூடுதலாக இருபது நிமிடமும் இருந்தது. 2025-இல் இரண்டும் போய்விட்டன. பழைய வீடியோக்களைப் பார்த்து நேரக் கணக்குப் போடாதே. உயிரியலின் 90 கேள்விகளை 50 நிமிடத்தில், வேதியியலை 45-இல், இயற்பியலில் தெரிந்ததை மட்டும் 55-இல் முடித்தால், விட்டுப்போனதைப் பார்க்க அரை மணி மிச்சம். விடைத்தாளில் விடைக்கான வட்டங்களை ஒரு பக்கம் முடிந்ததும் அந்தந்தப் பக்கத்துக்கு நிரப்பிவிடு, கடைசிக்கு வைக்காதே. நான் அந்தக் காலத்தில் ஒரு வங்கித் தேர்வில் கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பப் போய், ஒரு வரிசை தள்ளி நிரப்பி விட்டேன். பந்துமுனைப் பேனாவில் அழிக்கவும் வழியில்லை. வங்கிக்குப் போகாமல் இந்த வேலைக்கு வந்தது அப்படித்தான்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. நீ வீட்டில் மாதிரித் தேர்வு எழுதுவது காலை ஆறு மணிக்கு, தலை தெளிவாக இருக்கும்போது. மே மாத வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், கண் சொருகும் நேரத்தில் எழுத உடம்பு பழக வேண்டாமா? இனி ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கே உட்கார்.

நீ தமிழ் வழி மாணவி என்பதால் இன்னொன்று. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே செல்லும். 2018-இல் சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஆண்டு 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் தமிழில் படித்ததும் புரியாத சொல் வந்தால், உடனே ஆங்கில வரிக்குக் கண் போக வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் முக்கியமான முப்பது நாற்பது கலைச்சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

இயற்பியல் முழுவதையும் மே மாதத்துக்குள் முடிக்க முடியாது, அதை நானும் நீயும் புதன்கிழமையே ஒப்புக்கொண்டோம். மின்னோட்டவியல், கதிர் ஒளியியல், அணு மற்றும் அணுக்கரு இயற்பியல், குறைக்கடத்திகள். இந்த நாலும் உன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் வேண்டியவை. முதலில் இவை.

சரி, மறுபடி உங்களுக்கு, அம்மா.

"போன வருஷம் 144 எடுத்தாலே பாஸ்னு போட்டிருந்தாங்களே, இவ 313 எடுக்கிறாளே?" என்று உங்கள் தம்பி கேட்டாராம். 2025-இல் தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. அது கலந்தாய்வு வாசலுக்குள் விடுகிற மதிப்பெண். சீட்டைத் தீர்மானிப்பது ரேங்க். அந்த ரேங்க்குக்கான மதிப்பெண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு 720-க்கு 720. அடுத்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் வந்தவருக்கு 686. பக்கத்து வீட்டுப் பையன் மூன்று வருடம் முன்பு எடுத்ததை வைத்து இவளை அளக்காதீர்கள்.

பேச்சுவாக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. தமிழ்நாட்டில் 2020 முதல், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து வந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்த மையத்தில் உங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதனால்தான் சொல்கிறேன், நல்ல கோச்சிங் கிடைக்கும் என்று பாதியில் தனியார் பள்ளிக்கு மாற்றும் யோசனை இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சான்றிதழ் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். பள்ளியிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று. உங்களிடம் இருக்கும் சாதிச் சான்று மாநில ஒதுக்கீட்டுக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதாரில், மதிப்பெண் பட்டியலில், விண்ணப்பத்தில் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் ஓடுவதற்கு இப்போது நடப்பது மேல்.

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு கோச்சிங்குக்கு அனுப்பலாமா என்றும் கேட்டீர்கள். கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற கதவுகள் எத்தனை என்று எண்ணுங்கள்: கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்கள், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். எதற்கும் நீட் வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் உண்டு. புதன்கிழமை கிளம்பும்போது பாப்பா என்னிடம் ஒன்று கேட்டாள், "சார், மாட்டு டாக்டர் ஆனா டாக்டர்னு கூப்பிடுவாங்களா?" கூப்பிடுவார்கள் என்றேன். வீட்டில் மூன்று எருமை இருக்கிறது என்றாள். அவளிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசிப் பாருங்கள், நீட் போய்விட்டது என்ற தொனியில் இல்லாமல்.

அடுத்த ஆண்டு ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு இப்போதே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று போன் வந்ததாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். நீட் எழுத இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை, மேல் வயது வரம்பும் இல்லை. இன்னொரு முறை எழுதுவதா என்பதை ரேங்க்கும் கலந்தாய்வும் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை அது உங்கள் பணம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறை வாருங்கள். மதிப்பெண் தாள் எதுவும் வேண்டாம், அந்தத் தவறு நோட்டை மட்டும் எடுத்து வரட்டும். ஞாயிறு என்றால் ஐந்தரைக்கு மேல் வாருங்கள். இரண்டிலிருந்து ஐந்து வரை அவளுக்குத் தேர்வு இருக்கிறது.