தலையில் அடிபட்ட பிள்ளை எப்போது நடக்கலாம், எப்போது ஆடலாம்?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஆறு நாட்களுக்கு முன் கபடிப் போட்டியில் எதிரணி வீரரின் முழங்கால் நெற்றிப் பொட்டில் மோதிவிட்டது. மயங்கவில்லை, ஆனால் ‘ஸ்கோர் என்ன’ என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளை அதிர்வுதான், ஓய்வு போதும் என்றார்கள். அன்றிலிருந்து விளக்கை அணைத்துப் படுக்க வைத்திருக்கிறோம். தலைவலி குறையவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, எரிந்து எரிந்து விழுகிறான். இன்னும் எத்தனை நாள் இப்படி வைத்திருப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இனி அப்படி வைத்திருக்க வேண்டாம், அம்மா. இருட்டறை ஓய்வு ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன யோசனைதான். ஆனால் 11 முதல் 22 வயது வரையிலானவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட்கள் முழு ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாட்கள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிடக் கூடுதல் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர் மாநாடும், முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை வேலைகளைக் குறைத்துக்கொண்டு, பிறகு மெல்ல நடமாட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. உங்கள் மகனின் எரிச்சலிலும் தூக்கமின்மையிலும் அடிக்கு ஒரு பங்கு என்றால், அந்த அறைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

மூளை அதிர்வில் பொதுவாக இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருப்பதில்லை. நரம்பணுக்களின் செயல்பாடுதான் சில காலம் தடுமாறுகிறது என்பதால் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். இதயத் துடிப்புக்கு ஏற்ப மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் ஏற்பாடும் அப்போது குலைந்திருப்பதால், துடிப்பு ஓர் அளவைத் தாண்டும்போது தலைவலி கூடுகிறது. அந்த அளவுக்குக் கீழே செய்யும் பயிற்சி தீங்கு செய்வதில்லை. மாறாகக் குணமாவதை விரைவுபடுத்துகிறது. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 18 வயதுள்ள 103 விளையாட்டு வீரர்களில் இத்தகைய பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13 நாட்களிலும், வெறுமனே கை கால்களை நீட்டி மடக்கியவர்கள் 17 நாட்களிலும் குணமடைந்தனர்.

அவனைப் பார்த்த மருத்துவரிடம் கழுத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லி, அவர் ஒப்புதலோடு தொடங்குங்கள். காலை வெயில் ஏறுமுன், துணைக்கு ஒருவருடன், சமதரையில் 20 நிமிட நடை போதும். கிளம்புமுன் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தலைவலிக்கு ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். அது இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்துக்குள் இறங்காவிட்டாலோ, அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் வேகத்தைக் குறையுங்கள். மூன்று சொன்னவன் நான்கு சொன்னால் பதற வேண்டாம். பள்ளிக்கும் அரை நாளாகத் தொடங்கி அனுப்பலாம்.

தலைவலி மோசமாகிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், கை கால் பலவீனம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நான்கு வாரங்கள் கடந்தும் தொந்தரவு நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மூளை அதிர்வு ஏற்பட்ட என் மாணவனுக்குத் தலைவலி நேற்றோடு நின்றுவிட்டது. நடைப்பயிற்சி செய்கிறான். நாளை மறுநாள் இறுதிப் போட்டியில் ஆட விடலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு

பதில்: கூடாது, ஐயா. நடையிலிருந்து ஆட்டத்துக்கு ஆறு படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள் வேண்டும். மோதலுக்கு வாய்ப்புள்ள பயிற்சி எதுவாயினும், தொந்தரவுகள் முற்றிலும் நீங்கி, வகுப்பில் முழு நாள் அமர முடிந்து, மருத்துவர் அனுமதி தந்த பிறகுதான். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் கழுத்தில் பந்து பட்ட ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் அன்றே திரும்பவும் மட்டை பிடித்தார். மறுநாள்தான் தலைவலி தெரிந்தது. அவருக்குப் பதில் சக வீரர் லபுஷேன் இறங்கினார், அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. உங்கள் அணியிலும் மாற்று வீரர் இருப்பார்; அவரை இன்றே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.