கேள்வி பதில்: இந்த சாக்கெட்டுக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

மருத்துவமனைகளுக்கு எலெக்ட்ரிகல் டிராயிங் போடுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்தப் படங்களோடுதான் போனது. அதனால் சில இடங்களில் கறாராகவே பேசுவேன்.

கேள்வி: வணக்கம் சார். இதுவரை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும்தான் டிராயிங் போட்டிருக்கிறேன். இப்போது மருத்துவமனை வேலை ஒன்று வந்திருக்கிறது. லைட், சாக்கெட், டிபி (மின்சாரத்தை சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) எல்லாம் எங்கேயும் ஒன்றுதானே? எதிலிருந்து தொடங்கட்டும்?
(இளம் டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்)

பொருள்கள் ஒன்றுதான் தம்பி. ஆனால் ஐசியுவில் கரண்ட் போன அந்த நொடியிலேயே, வென்டிலேட்டரின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நர்ஸ் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் மருத்துவமனையில் மின்சாரம் ஒரே வழியில் வருவதில்லை. மெயின்ஸ், ஜெனரேட்டர், யுபிஎஸ், ஆபரேஷன் தியேட்டருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோடு நேரடி இணைப்பு இல்லாமல் மின்சாரம் தருவது) என்று பல வழிகள். எந்தப் புள்ளிக்கு எந்த வழி என்பதைத்தான் உங்கள் படம் முதலில் சொல்ல வேண்டும்.

சாக்கெட் வரைவதற்கு முன்னால் அறைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்டர்களிடம் உட்காருங்கள். சர்வதேச மின் தரநிலை அமைப்பான ஐஇசியின் 60364-7-710 தரநிலை, மருத்துவ அறைகளை குரூப் 0, 1, 2 என்று பிரிக்கிறது. நோயாளியின் உடலில் எந்தக் கருவியின் பாகமும் படாத அறை குரூப் 0. உடலின் மேலோ உள்ளேயோ பட்டாலும், மின்சாரம் நின்றால் உடனடி ஆபத்து இல்லாத அறை குரூப் 1. இதய அறுவை, தீவிர சிகிச்சை போல நிற்கவே கூடாத இடம் குரூப் 2. அறையின் பெயரை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். ‘புரொசீஜர் ரூம்’ என்று ஆர்க்கிடெக்ட் எழுதிய அறையில் என்ன செய்யப் போகிறார்கள் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும். அவர் ஒப்புக்கொண்ட குரூப் எண்ணை லே-அவுட்டில் அறைப் பெயருக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

அமெரிக்க முறையில், அதாவது என்எஃப்பிஏ 99 தரநிலையில், அவசர மின்சாரத்தையே மூன்று கிளைகளாகப் பிரிக்கிறார்கள். வெளியேறும் வழி விளக்கு, தீ அலாரம் ஒரு கிளை. நோயாளி பக்கத்து சாக்கெட்டும் விளக்கும் இன்னொன்று. பம்பு, மோட்டார் போன்ற பெரிய கருவிகள் மூன்றாவது. முதல் இரண்டும் 10 விநாடிக்குள் திரும்ப வந்தாக வேண்டும். எந்தத் தரநிலையில் வேலை செய்கிறீர்கள் என்பதை முதல் தாளிலேயே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் சைட்டில் சண்டைதான் வரும்.

கேள்வி: ஒவ்வொரு சாக்கெட்டுக்குப் பக்கத்திலும் சர்க்யூட் எண் எழுதினால் படம் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடுகிறது. எடுத்துவிட்டு ஷெட்யூலில் (சர்க்யூட் பட்டியலில்) மட்டும் போடச் சொல்கிறார் மேலதிகாரி. யார் சொல்வது சரி?
(டிசைன் அலுவலகத்தில் பணிபுரியும் வாசகி)

நீங்கள் சொல்வதுதான் சரிம்மா. எண்ணை எடுக்க வேண்டாம், எழுதும் இடத்தை மாற்றுங்கள்.

ஐசியு படுக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைமாட்டுப் பேனலில் பத்துப் பன்னிரண்டு சாக்கெட், நர்ஸ் கால் பட்டன், டேட்டா பாயிண்ட், எர்த் பாண்டிங் ஸ்டட், கூடவே ஆக்ஸிஜன், வேக்யூம் அவுட்லெட். 1:100 லே-அவுட்டில் இத்தனையும் ஒரு விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதில் எழுதினால் மொய்க்கத்தான் செய்யும். அதனால் லே-அவுட்டில் ‘பேனல் வகை அ, எலிவேஷன் பார்க்க’ என்று மட்டும் குறித்துவிட்டு, அந்தப் பேனலை நேர்முகமாக 1:10 அளவில் தனியாக வரையுங்கள். அங்கே இடம் தாராளமாக இருக்கும்.

அந்த எலிவேஷனில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மூன்று விஷயம் வேண்டும்: எந்த வழி, எந்த டிபி, எந்த சர்க்யூட். ‘யு-3/7’ என்றால் யுபிஎஸ் வழி, மூன்றாவது டிபி, ஏழாவது பிரேக்கர். ஒரே படுக்கையின் சாக்கெட்டுகள் எல்லாம் ஒரே சர்க்யூட்டில் தொங்கக் கூடாது. ஒரு பிரேக்கர் விழுந்தால் கையை நீட்டி அடுத்த சாக்கெட்டில் பிளக்கை மாற்ற முடிய வேண்டும். பேனலை நேர்முகமாக வரைந்தால்தான் அந்தப் பக்கத்து சாக்கெட் வேறு சர்க்யூட்டா இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரியும். ஷெட்யூலில் மட்டும் எழுதினால் அது கண்ணில் படவே படாது.

உயரத்தையும் அங்கேயே எழுதுங்கள், முடிந்த தரையிலிருந்து சாக்கெட்டின் மையம் வரை. கேஸ் அவுட்லெட்டிலிருந்து சாக்கெட்டின் மையம் பக்கவாட்டில் குறைந்தது 0.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐஇசி. கேஸ் பைப் ஆட்கள் போடும் படம் வேறு, உங்கள் படம் வேறு. இரண்டிலும் இந்த இடைவெளி ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் நிறம். அவசர சர்க்யூட்டைச் சிவப்பிலும் மெயின்ஸைக் கறுப்பிலும் போட்டால் திரையில் அழகாக இருக்கும். சைட்டுக்குப் போவதோ கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். ஏணி மேல் நிற்கும் எலெக்ட்ரீஷியனுக்கு அதில் இரண்டும் ஒரே கோடு. எழுத்தாலும் குறியீட்டின் வடிவத்தாலும் வித்தியாசம் காட்டுங்கள், நிறம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும். லெஜண்டில் (குறியீடுகளுக்கு விளக்கம் தரும் பட்டியலில்) இருக்கும் குறியீடுதான் படத்திலும் இருக்கிறதா என்று கடைசியில் ஒரு முறை சரிபாருங்கள். பழைய வேலையிலிருந்து எடுத்து ஒட்டிய லெஜண்ட் நிறைய அலுவலகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போதும் என்கிறார் எங்கள் கான்ட்ராக்டர். டிராயிங்கிலும் ‘தரநிலைப்படி செய்யவும்’ என்றுதான் இருக்கிறது. என்ன பதில் சொல்வது?
(சைட் இன்ஜினியர் ஒருவர்)

போதாது என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆர்சிசிபியின் வேலை, கசிவு வந்தவுடன் மின்சாரத்தை வெட்டுவது. நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு கருவியின் ஒயரில் கசிவு வந்ததற்காக அதே சர்க்யூட்டில் உள்ள மற்ற கருவிகளும் அணையலாமா? மருத்துவ ஐடி முறையில், அதாவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் முறையில், டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடு எர்த்தோடு இணைக்கப்படுவதில்லை. முதல் கோளாறு வந்தால் மின்சாரம் நிற்காது, அலாரம் மட்டும் அடிக்கும். இன்சுலேஷன் 50 கிலோ ஓமுக்கு இறங்குவதற்குள் அதை அளக்கும் மானிட்டர் எச்சரிக்க வேண்டும். எக்ஸ்ரே போன்ற சில இணைப்புகளுக்கு ஆர்சிசிபிக்கு இடம் உண்டு. உயிர் காக்கும் கருவிகளுக்கு இல்லை.

ஆனால் கான்ட்ராக்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ‘தரநிலைப்படி செய்யவும்’ என்ற வரி எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வரைந்தவர் எடுக்க வேண்டிய முடிவை எலெக்ட்ரீஷியன் தலையில் கட்டும் வரி அது. தியேட்டர் படத்தில் இருக்க வேண்டியது இதுதான்: டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ (0.5 முதல் 10 வரைதான் அனுமதி), எங்கே உட்காருகிறது, அதன் சூடு எப்படி வெளியே போகும், அலாரம் பேனல் எந்தச் சுவரில். பூட்டிய மின் அறைக்குள் அலாரம் அடித்து யாருக்கு என்ன பயன்? உள்ளே இருக்கும் ஊழியர்களின் கண்ணில் எப்போதும் படும் சுவராக இருக்கட்டும். ஆபரேஷன் டேபிள் மேலே உள்ள விளக்குக்கு, மின்சாரம் போனால் 0.5 விநாடிக்குள் மாற்று வழி வர வேண்டும். ஜெனரேட்டரால் அது முடியாது என்பதால் பேட்டரி எங்கே என்பதும் படத்தில் தெரிய வேண்டும். அறையின் எர்த் ஒயர்களை ஒன்றாக இணைக்கும் பாண்டிங் பாருக்குப் போகும் ஒயர்களைத் தனித்தனியாக, கழற்றி அளக்கும்படி காட்டுங்கள். சாக்கெட்டின் எர்த் முனைக்கும் அந்த பாருக்கும் இடையே 0.2 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்பதால், அந்த எண்ணும் படத்திலேயே இருக்கட்டும். அளப்பவர் கையில் தரநிலைப் புத்தகம் இருக்காது.

கேள்வி: எக்ஸ்ரே, எம்ஆர்ஐ அறைகளுக்குக் கருவி எதுவென்றே இன்னும் முடிவாகவில்லை. படத்தை மட்டும் உடனே கேட்கிறார்கள்.

கருவி கம்பெனியின் சைட் பிளானிங் டிராயிங் வராமல் அந்த அறையை முடிக்காதீர்கள். படத்தில் அந்த அறையைச் சுற்றி மேகக் கோடு போட்டு ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று எழுதி மற்றதை அனுப்புங்கள். எக்ஸ்ரே அறையில் ஈயத் தகட்டைத் துளைத்து பாக்ஸ் பதித்தால் அதன் பின்னாலும் ஈயம் போட வேண்டும். எம்ஆர்ஐ அறையில் ரேடியோ அலைகளைத் தடுக்கும் ஆர்எஃப் கூண்டுக்குள் எந்த ஒயரும் ஃபில்டர் பேனல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

கேள்வி: நான் மருத்துவமனையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். எங்களிடம் உள்ள படத்துக்கும் சுவரில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது ஒரு வார்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். எனக்கு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஒரு மருத்துவமனையில், படத்தில் ‘ஸ்பேர்’ என்றிருந்த பிரேக்கரை அணைக்கப் போனபோது, அது ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜுக்குப் போய்க்கொண்டிருப்பது தெரியவந்தது. கடைசி நிமிடத்தில் டிரேசரை (எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியை) வைத்துப் பார்த்ததால் தப்பித்தார்கள்.

வேலை தொடங்குமுன் அந்த வார்டின் ஒவ்வொரு டிபியையும் டிரேசர் வைத்துத் தேடி, உள்ளபடி ஒரு படம் போடச் சொல்லி டிசைனரிடம் கேளுங்கள். நீங்களும் கூட நில்லுங்கள், அந்தச் சுவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அதோடு ஷட்-டவுன் படம் என்று ஒரு தனித் தாள் கேளுங்கள். எந்த பிரேக்கரை, எந்தக் கட்டத்தில், எத்தனை மணி நேரம் அணைப்பது, அதுவரை எந்த அறைக்கு எங்கிருந்து தற்காலிக சப்ளை, எந்த நர்ஸ் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வார்டு பொறுப்பாளரின் கையெழுத்து அந்தத் தாளில் விழாதவரை, எந்த பிரேக்கரிலும் கை வைக்க வேண்டாம்.