அமெரிக்கத் தெற்கின் கொடி பழைய போர்க்கொடிதானே, அதில் இனவெறி எங்கே வந்தது?

சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதற்குள் 13 வெள்ளை நட்சத்திரங்கள். யாரோ ஒருவர் வண்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எங்கள் முன்னோர் சண்டை போட்ட கொடி" என்று சமாதானமும் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை.

1861-இல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய் உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலங்களின் முதல் அரசுக் கொடி இது இல்லை. அந்த முதல் கொடியில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள், மூலையில் நீலத்தின் மேல் நட்சத்திர வட்டம். வர்ஜீனியாவின் மனாசஸில் நடந்த சண்டையின் புகையில் அதையும் எதிரியான வடக்கின் கொடியையும் பிரித்தறிய முடியாமல் போனதால், படைக்கென்று பெருக்கல் குறிக் கொடி தைத்தார்கள். காலாட்படைக்கு நாலடிச் சதுரம். இப்போது கடையில் விற்கும் நீள்சதுரம் அதுவும் இல்லை, கப்பற்படைக் கொடியின் சாயல்.

போர் 1865-இல் முடிந்துவிட்டது. கொடி மறுபடி எப்போது ஏறியது என்று பாருங்கள். 1948-இல் அதிபர் ட்ரூமன் கறுப்பர் உரிமை பேசியதும், அதை எதிர்த்த தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டின் போட்டிக் கட்சிக் கூட்டங்களில். 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 1956-இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் இதைச் சேர்த்தது. தென் கரோலினா 1961-இல் போரின் நூற்றாண்டு என்று சொல்லிச் சட்டசபைக் கூரையில் ஏற்றியது. மறு ஆண்டுத் தீர்மானத்தில் இறக்கும் தேதியே போடவில்லை. 2000 வரை அங்கேயே பறந்தது. அதன்பின் வளாகத்து நினைவுத்தூண் அருகே நகர்த்தினார்கள். 2015 ஜூனில் அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது மற்ற கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. இது மட்டும் உச்சியிலேயே நின்றது. தொட வேண்டுமென்றால் சட்டசபை கூட வேண்டும். ஜூலை 10-இல்தான் இறக்கினார்கள்.

ஜார்ஜியாவின் இன்றைய கொடி, 2003-இல் வந்தது, அந்த மூன்று பட்டை அரசுக் கொடியின் அச்சு அசல் வாரிசு. அதற்கு இவ்வளவு எதிர்ப்பு இல்லை. பிறப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதைத்தானே முதலில் எரித்திருக்க வேண்டும்?

"தெற்கத்திக்காரன் எல்லாம் வெறியனா?" என்று கமெண்டில் கேட்க வருபவர்களுக்கு: அப்படி எங்கும் சொல்லவில்லை. "போர் மாநில உரிமைக்காக" என்பவர்கள் மிசிசிப்பியின் 1861 பிரிவினை அறிக்கையின் தொடக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள்; தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

போகட்டும், நம் பத்திரிகைகள் 1861 என்று கட்டுரை போட்டு இந்த நீள்சதுரத்தை அச்சடிப்பதை எப்போது நிறுத்துவார்களோ தெரியவில்லை.